பெயின்ட் அடித்த தண்டவாளம்

நான் இசை எழுதுகிறவள். பாடகி இல்லை, சினிமாவுக்கு மெட்டுப் போடுகிறவளும் இல்லை. வயலின், செல்லோ, கிளாரினெட், டிரம்பெட் என்று அறுபது எழுபது பேர் உட்கார்ந்து தாளைப் பார்த்து வாசிப்பார்களே, அந்தத் தாளில் இருக்கும் புள்ளிகளை எழுதுகிறவள். இருபத்தைந்து வருடமாக இதைத்தான் செய்கிறேன். இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கல்யாண வீட்டில் யாராவது ஒருவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "எந்தப் படத்துக்கு மியூசிக் போட்டிருக்கம்மா?" என்று கேட்பார். எந்தப் படத்துக்கும் இல்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். அந்தப் பரிதாபத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான் கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

அது ஒரு பக்கத்து எரிச்சல். மறுபக்கத்து எரிச்சல் இதைவிட மோசம். இசைக்குழுக்களை நடத்துகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்னிடம் எப்போதும் ஒரே கேள்விதான்: "இதில் இந்திய வாசனை எங்கே?" வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் மழையைப் பற்றி எழுதினால் அது மழை. நான் மழையைப் பற்றி எழுதினால் அதில் சித்தார் ஏன் இல்லை என்று கேட்பார்கள். ஒருமுறை என் பெயருக்கு எதிரே, கேட்காமலேயே, நடனமாடும் பெண்ணின் படத்தைப் போட்டு நோட்டீஸ் அடித்தார்கள். எனக்கு நடனமும் வராது, அந்தப் பெண் யாரென்றும் தெரியாது.

மலேசியாவில், ஈப்போ பக்கம் செமோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அம்மாவும் அப்பாவும் மரத்தில் பால் வெட்டினார்கள். எனக்குப் பதினேழு வயதானபோது தோட்டத்தை விற்றார்கள். வேலையாட்களின் லயத்து வீடுகளை இடித்து, ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். நாங்கள் ஈப்போ ஓரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் யாரும் தொடாத ஒரு கிளாரினெட் மிச்சமிருந்தது, அது எனக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உபகாரச் சம்பளத்தில் வெளிநாடு போய்ப் படித்தேன். இப்போது அதே ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கான பியானோ சொல்லிக்கொடுத்து வயிற்றைக் கழுவுகிறேன். கீழே டயர் கடை. காற்றடிக்கும் இயந்திரம் ஓடும்போது பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அப்பா இறந்தபின் அம்மா என்னோடுதான் இருக்கிறாள்.

போன வருடம் கோலாலம்பூர் இசைக்குழு ஒன்று ஈப்போவில் ஒரு நிகழ்ச்சிக்காக என்னிடம் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு படைப்புக் கேட்டது. எனக்கு உடனே அந்த இரும்பு நினைவுக்கு வந்தது.

தோட்டத்தில் பெரட்டுக்கு மணி அடிப்பார்கள். பெரட்டு என்றால் விடிவதற்கு முன் எல்லோரும் ஆபீஸ் முன்னால் வரிசையில் நின்று பெயர் கொடுப்பது. மணி என்றுதான் சொல்வோம், ஆனால் அது மணி இல்லை. கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பழைய தண்டவாளத் துண்டு. மரத்தில் கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. காவல்காரர் அதைச் சுத்தியலால் அடிப்பார். தோட்டம் போனபின் கோயில் ஆட்கள் அதை எடுத்துக்கொண்டுபோய் மாரியம்மன் கோயில் மரத்தில் மாட்டினார்கள். இன்று அந்தத் தோட்டத்தில் மிச்சமிருப்பது அந்தக் கோயில் மட்டும்தான். மூன்று வருடத்துக்கு முன் திருவிழாவுக்குப் போனபோது அதை அடித்துப் பார்த்துப் போனில் பதிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து பியானோவில் தேடினேன். அதன் சுரம் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ இருந்தது. எந்தக் கட்டையிலும் சிக்கவில்லை. எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

படைப்பு முழுவதையும் அந்தச் சுரத்தைச் சுற்றியே எழுதினேன். இரும்பு ஏழு முறை அடிக்கும். முதல் அடியில் வயலின்கள் எல்லாம் அதைவிட்டு எங்கோ தள்ளி நிற்கும். ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வரும். ஏழாவது அடியில் எழுபது பேரும் அந்த இரும்பின் சுரத்தில் வந்து நிற்பார்கள், அதோடு முடியும். வேறொரு இரும்பை வைத்து அடித்தால் ஒன்றும் நடக்காது, அந்தத் துண்டுதான் வேண்டும். முதல் பக்கத்தில் 'அம்மாவுக்கு' என்று எழுதினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. மேடையில் கேட்டு அவள் பூரித்துப்போவாள் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன்.

இசைக்குழுவின் நிர்வாகி நம்மவர்தான். தலைநகரத்தில் வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். தாளைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"அக்கா, ஒரு சின்ன ஐடியா லா. அந்த இரும்புக்குப் பதிலா தபேலா வச்சா எப்படி? நல்ல ஆள் ஒருத்தர் இருக்கார். ஆடியன்ஸ் ஈசியா கனெக்ட் ஆவாங்க."

"எங்க தோட்டத்துல தபேலாவ நான் பார்த்ததே இல்ல," என்றேன். "எங்கப்பா தபேலா வாசிச்சுக்கிட்டா பால் வெட்டப் போனாரு?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு படம் எடுக்க வேண்டும் என்றார். சேலை கட்டி, ரப்பர் மரத்தில் சாய்ந்து, கையில் ஒரு பால் வாளியோடு நிற்கவேண்டுமாம். அங்கே ரப்பர் மரமே இல்லை, செம்பனைதான் இருக்கிறது என்றேன். "பரவால்லக்கா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. எங்கள் வீடுகளை இடித்துவிட்டு நட்ட மரத்துக்குப் பக்கத்தில் என்னை வாளியோடு நிறுத்தி, அதை ரப்பர் மரம் என்று ஊருக்குக் காட்டலாம் என்கிறார்! வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மூன்று வாரம் மல்லுக்கட்டிய பிறகு படமும் இல்லை, தபேலாவும் இல்லை, இரும்பை நானே கொண்டுவந்து தரவேண்டும் என்று முடிவானது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கோயில் தலைவருக்குப் போன் செய்தேன். லயத்தில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை. லீவு கிடைக்கும்போதெல்லாம் கோயிலுக்கு வந்துவிடுவார். இரும்பு ஒரு வாரத்துக்கு வேண்டும், பெரிய மண்டபத்தில் மேடையில் வைத்து அடிப்பார்கள் என்றேன்.

"நம்ம மணியா? அங்கயா? நீ ஒன்னும் கவலப்படாத தங்கச்சி, எல்லாம் நான் பார்த்துக்கிறேன்," என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். என் காரில் அம்மா முன்சீட்டில். பின்னால் வேனில் இசைக்குழுவின் தாளவாத்தியக்காரன், ஈப்போ சீனப் பையன், எதைக் கொடுத்தாலும் அடித்துப் பழகியவன், என்னோடு மலாய் மொழியில் பேசுவான். கோயில் முன்னால் தலைவரும் கமிட்டி ஆட்கள் நாலு பேரும் வெள்ளை வேட்டியில் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் அது நின்றது.

நின்றது என்கிறேன், தொங்கவில்லை. துருவை எல்லாம் இயந்திரம் வைத்துத் தேய்த்து எடுத்திருந்தார்கள். மேலே கெட்டியாக வெள்ளி பெயின்ட். இரண்டு முனையிலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை. நடுவில் சந்தனம், குங்குமம், ஒரு முழு மாலை, உச்சியில் எலுமிச்சம்பழம். முனைகள் கூராக இருந்து கையைக் கிழிக்கும் என்று இரண்டு பக்கமும் அறுத்து வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, இரும்புக் குழாயில் மூன்று கால் ஸ்டாண்டு ஒன்று செய்து, தண்டவாளத்தை அதன்மேல் அடியோடு வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். கீழே ஒரு தகட்டில் 'உபயம்' என்று போட்டு ஐந்து பேருடைய பெயர்.

எங்கள் சனம் அப்படித்தான். ஒன்றை மதித்தால் அதற்குப் பெயின்ட் அடித்துவிட வேண்டும். கோபுரத்துக்கு அடிப்பார்கள், சாமிக்கு அடிப்பார்கள், சாமி ஏறி வந்த கல்லுக்கும் அடிப்பார்கள். டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சத்தை மறைத்துப் பெயர் எழுதுவார்கள்.

"எப்படி தங்கச்சி?" என்றார் தலைவர். "மேடையில மரம் இருக்காதுல்ல, எங்க தொங்கவிடுவாங்கன்னு யோசிச்சோம். அதான் ஸ்டாண்டு. இரு, அடிச்சுக் காட்டுறேன்."

புதிதாக வாங்கிய சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தார். டொக். கதவில் விரலால் தட்டிய மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பூசைக்கு அப்புறம் யாரும் அதைத் தொடவில்லையாம், அதனால் அவருக்கே அப்போதுதான் தெரிகிறது. மறுபடி அடித்தார். டொக். தாளவாத்தியக்காரன் கிட்டே போய், மேலே கீழே விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டான். தலையை ஆட்டினான். "சுடா மாத்தி, கா," என்றான். செத்துப்போச்சு, அக்கா. தொங்கினால்தான் இரும்பு அதிரும்; முனைகளை அறுத்ததில் பழைய சுரமும் போய்விட்டது.

அதற்கப்புறம் நான் பேசியதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "உங்களுக்கெல்லாம் மூளை இருக்கா இல்லையா? எதப் பார்த்தாலும் பெயின்ட் அடிக்கத்தான் தெரியுமா? யார் உங்கள இதெல்லாம் செய்யச் சொன்னது?" என்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தோட்டத்த விட்டு வந்து முப்பது வருசம் ஆச்சு. தோட்டத்துப் புத்தி இன்னும் போகலையா?" என்றேன்.

தோட்டத்துப் புத்தி. தோட்டத்திலிருந்து பஸ் ஏறி ஈப்போவில் பள்ளிக்கூடம் படித்த காலம் முழுக்க என்னைக் குத்திய சொல் அது. சப்பாத்தில் சேறு இருந்தால் தோட்டத்துப் புத்தி, சத்தமாகச் சிரித்தால் தோட்டத்துப் புத்தி. அந்தச் சொல்லைச் சொன்ன ஒவ்வொருவரையும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதையே நான், என் வாயால், வேட்டி கட்டி மாலையோடு காத்திருந்த மனிதரைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "நாங்க படிக்காதவங்க தங்கச்சி," என்றார். "அங்க பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க. நம்மது அழுக்கா போய் நிக்கக்கூடாதுன்னு நினைச்சோம். ரெண்டு நாள் லீவு போட்டுத்தான் செஞ்சேன்." அவர் நகக்கண்ணில் வெள்ளி பெயின்ட் இன்னும் ஒட்டியிருந்தது.

காருக்குத் திரும்பினேன். அம்மா உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

"அந்தப் பையன் மாத்தின்னு சொன்னானே, நெசமா? நல்லா செத்துருச்சா?"

"அம்மா, இதுல சிரிக்க என்ன இருக்கு?"

சிரிப்பை நிறுத்தினாள். கண்ணாடி வழியாக அந்த வெள்ளி இரும்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பதினாலு வயசுல இருந்து முப்பது வருசம் அது என்ன எழுப்புச்சு. உனக்கு ஒரு தம்பி இருந்தான், தெரியும்ல? தவழ ஆரம்பிச்சிருந்தான். காய்ச்சல்ல போயிட்டான். அவன மண்ணுல வச்சுட்டு வந்து படுத்தேன். மறுநா மணி அடிச்சாங்க. எந்திரிச்சேன். லீவு கேட்டிருந்தா கொடுத்திருப்பாங்க. கேக்கணும்னே தோணல. காலு தானா எந்திரிச்சிருச்சு. பெரட்டுல நின்னு பேரு கொடுத்துட்டு மரத்துக்குப் போயிட்டேன். அத போயி மேடையில வச்சு, கோட்டு போட்டவங்க எல்லாம் கேக்கணுமா? நீ என்னோட ஒரே வீட்டுல இருக்க. ஒரு வார்த்த என்ட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. தோட்டத்தைப் பற்றிப் ஆபீஸில் கணக்கெழுதிய பழைய கிராணியிடம் கேட்டேன், யூனியன்காரரிடம் கேட்டேன், பக்கத்துத் தோட்டத்து ஆட்களிடம்கூடக் கேட்டேன். பக்கத்து அறையில் படுத்திருக்கிறவளிடம் கேட்கவில்லை. என்னைக் கேட்காமல் நோட்டீஸில் நடனக்காரி படம் போட்டவர்கள்மேல் எனக்கு எத்தனை வருடக் கோபம்! என் அம்மாவை நான் முதல் பக்கத்தில் போட்டுவிட்டு அவளிடம் மூச்சுவிடவில்லை. ஈப்போ வரும்வரை ரோட்டையே பார்த்து ஓட்டினேன். அந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அது என்மேல்தான்.

நிர்வாகிக்கு விஷயம் எட்டியது. "ரெக்கார்டிங் இருக்குன்னு சொன்னீங்கல்ல? ஸ்பீக்கர்ல போட்டுடலாம் லா. சுசாவே இல்ல," என்றார். ஒரு சிரமமும் இல்லையாம். சரியான யோசனைதான். ஒரு வாரத்துக்கு முன் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். வேண்டாம் என்றேன். "அப்போ தபேலா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, தாளைக் காட்டி, எங்கெங்கே மணி அடிக்கிறது என்று முதல்முறையாகச் சொன்னேன். என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"அடிக்காத," என்றாள். அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

வயலின்களுக்கு எழுதியதில் ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றவில்லை. இரும்புக்கு எழுதிய வரியை மட்டும் மாற்றினேன். ஏழு இடத்திலும் சுத்தியலை ஓங்கவேண்டும், பிடித்திருக்கவேண்டும், அடிக்காமல் இறக்கவேண்டும். தாளவாத்தியக்காரன் படித்துவிட்டு முதலில் சிரித்தான். பிறகு, எவ்வளவு நேரம் பிடிப்பது என்று கேட்டான். தூங்குகிற ஓர் ஆள் பாயைவிட்டு எழுந்து உட்கார எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு என்றேன். தலையாட்டிவிட்டு ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டான்.

தலைவருக்குப் போன் செய்தேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார்.

"மன்னிச்சிருங்க அண்ணே. நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது."

"வெல்டிங்க அறுத்துத் தரட்டுமா?" என்றார்.

"வேணாம். அப்படியே கொண்டாங்க."

"அப்படியேவா? மாலையோடவா?"

"மாலை வேணாம் அண்ணே."

நிகழ்ச்சி ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு. மேடை விளக்கில் அந்த வெள்ளி பெயின்ட் கண்ணைக் கூசவைத்தது. தலைவரும் கமிட்டியும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகி அச்சடித்த நிகழ்ச்சிப் புத்தகத்தில், 'தோட்ட மணியின் கம்பீர நாதம் மீண்டும் ஒலிக்கிறது' என்று இருந்தது. மாற்றச் சொல்லி மூன்று தடவை எழுதியிருந்தேன். புத்தகத்தை இரண்டாகக் கிழித்து நாற்காலிக்கு அடியில் போட்டேன்.

வயலின்கள் தொடங்கின. பையன் எழுந்து சுத்தியலை ஓங்கினான். பக்கத்தில் அம்மாவின் கால் கழற்றிப் போட்டிருந்த செருப்பைத் தேடியது. என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள், வலித்தது. சுத்தியல் சத்தமில்லாமல் இறங்கியது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இரண்டாவது முறையும் அவள் கால் செருப்பைத் தேடியது. மூன்றாவது முறை தேடவில்லை. நான்காவதில் பிடி தளர்ந்தது. ஐந்தாவது முறை சுத்தியல் உயர்ந்தபோது அவள் தலை என் தோளில் சாய்ந்தது. ஏழாவதில் எழுபது பேரும் அந்த இரும்பின் சுரத்தில் வந்து நின்றார்கள். சுத்தியல் மேலேயே நின்றது, பிறகு இறங்கியது. மண்டபத்தில் அம்மாவின் மெல்லிய குறட்டை மட்டும் கேட்டது.

முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்து 'ச்சு' என்றாள். பிறகு கைதட்டல் தொடங்கியது. அதற்கும் அம்மா அசையவில்லை. இசைக்குழு நடத்துநர் மேடையிலிருந்து கைநீட்டி என்னைக் கூப்பிட்டார். நிர்வாகி குனிந்தபடியே ஓடிவந்தார்.

"அக்கா, மேடைக்கு வாங்க, எல்லாரும் வெயிட் பண்றாங்க. பாவம், அம்மாவுக்கு இந்த மாதிரி மியூசிக் புரியாதுல்ல, போரடிச்சிருக்கும். எழுப்பிடுங்க லா," என்று அவள் தோளைத் தொடக் கையை நீட்டினார்.

அந்தக் கையைத் தட்டிவிட்டேன். சத்தம் கேட்கிற அளவுக்குத் தட்டினேன்.

"எழுப்பாதீங்க," என்றேன்.

மேடைக்கு நான் போகவில்லை. கைதட்டி முடித்து எல்லோரும் வெளியே போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.